தவறான விடைக்கும் சம்பளம் உண்டு

ஒரு கேள்வி. கோடைக்காலத்தில் வெயில் ஏன் கடுமையாக இருக்கிறது?

அ) பூமி அப்போது சூரியனுக்கு அருகில் போகிறது. ஆ) பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. இ) சூரியன் அப்போது கூடுதல் வெப்பத்தை வெளியிடுகிறது.

உங்களுக்கு 'அ' என்று சொல்லத் தோன்றினால் கவலை வேண்டாம், பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால், பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில், வருவது ஜனவரி தொடக்கத்தில். சிகாகோ நகரம் பனியில் உறைந்து கிடக்கும் மாதம் அது. ஜூலையில் அந்தத் தூரம் 15.2 கோடி கிலோமீட்டராகிவிடும். சரியான விடை 'ஆ'.

அமெரிக்காவில் ஓர் இயங்கலைப் பள்ளிக்காக இந்தப் பாடத்தை எழுதியவர் ரவாங்கில் இருக்கிறார். என் தோழி. பனியைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். சிகாகோவில் ஜூனில் 15 மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் 9 மணி நேரமாகச் சுருங்கும். அனுபவிக்காத ஒன்றை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"அதனாலதான்க்கா எழுத வந்துச்சு. எனக்கு எங்கெல்லாம் இடிச்சதோ, அங்கதான் பிள்ளைங்களுக்கும் இடிக்கும்."

அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியபோது படிவம் 1-இல் நுழைந்தவர் இவர். அந்தக் கொள்கை பற்றிய சண்டை தனிக்கதை. இவருக்கு அது இப்போது சோறு போடுகிறது. டியூஷன் மையத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடினார்.

பாடம் எழுதுவது என்றால் பாடநூலைச் சுருக்குவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அமெரிக்காவில் 2013-இல் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள், மாணவர் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, மாதிரி அமைத்து விளக்கவும் வேண்டும் என்கின்றன. எனவே மேசை விளக்கு, ஆரஞ்சுப் பழம், அதில் குத்த ஒரு குச்சி எனப் பொருள்களை வீட்டிலேயே கிடைக்கும்படி யோசிக்க வேண்டும். இவர் 'சாத்தே குச்சி' என்று எழுதியதைத் திருத்துநர் 'மரக்குச்சி' என்று மாற்றினாராம்!

நேரம் அதிகம் பிடிப்பது தவறான விடைகளுக்குத்தான். வகுப்பறையில் பிள்ளை விழித்தால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். வானொலியில் எனக்கும் முகம் தெரியாதுதான், ஆனால் பிழை விட்டால் நேயர்கள் உடனே புலனத்தில் பிடித்துவிடுவார்கள். திரைக்கு முன் தனியாக இருக்கும் பிள்ளை எதுவும் சொல்லாது, ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு தவறான விடையும் உண்மையான ஒரு குழப்பத்திலிருந்து பிறக்க வேண்டும். 'அ'வை அழுத்தினால் "தவறு" என்று மட்டும் வராது. "அப்படியானால் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் ஏன் கோடை?" என்று அடுத்த கேள்வி வரும். செயற்கை நுண்ணறிவு நொடியில் பத்து தவறான விடைகளைத் தருகிறதாம். அவற்றில் பாதியை எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்காது என்கிறார்.

பணம்? பாடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. முதலில் வந்த நிறுவனம் 'மாதிரி' என்று மூன்று முழுப் பாடங்களை இலவசமாக வாங்கிக்கொண்டு காணாமல் போனது. இப்போது மாதிரி என்றால் ஒன்றுதான், அதுவும் பாதிப் பாடம். எத்தனை முறை திருத்தித் தருவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். பாடத்தில் இவர் பெயர் வராது. நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டத்திலும், வேறு உடன்பாடு இல்லையென்றால், எழுதச் சொன்னவருக்கே உரிமை போகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

முதலாளி கட்டும் சேமநிதியும் கிடையாது. இவரே மாதாமாதம் ஊழியர் சேமநிதியில் தன்விருப்பச் சந்தா கட்டுகிறார். தொழில் வருமானம் என்பதால் வருமான வரிக்கு பி பாரம், கெடு ஜூன் 30. சிகாகோ காலை 9 மணிக் கூட்டம் இவருக்கு இரவு 10 மணிக்கு. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் இரவு 11 ஆகிவிடும். பருவகாலம் ரவாங்குக்கும் வருகிறது, இந்த வழியில்.

இப்போது நிலவின் பிறைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். தவறான விடைகளுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. "நிலா ஏன் தேயுதுப்பா?" என்று கேட்டாராம். "பூமியோட நிழல் விழுது" என்று அப்பா மெதுவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். அது கிரகணம். அப்பாவின் பதில் அப்படியே இரண்டாவது விடையாகச் சிகாகோவுக்குப் போயிருக்கிறது.