பில்லுக்கும் உண்டு மூன்று வருஷக் கெடு

விஸ்வநத்தம் பக்கம் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுப்பவருக்கு யாரும் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருஷம் முடிவதற்குள் கடன்காரரைத் தேடிப் போய், நூறு ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். அதே மனிதர் ஒரு லாரி பட்டாசை வடக்கே அனுப்பிவிட்டு, “தீபாவளி கழியட்டும்” என்று போனில் சொன்னதை நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். மருந்துக்கும் காகிதத்துக்கும் கடன் வாங்கி, வாரச் சம்பளம் கொடுத்துச் செய்த சரக்கு அது. மனம் ஆறவில்லை.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் நோட்டுக்கும் பில்லுக்கும் அதே மூன்று வருஷத்தைத்தான் தருகிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தவணை பேசாமல் விற்ற சரக்குக்கு, சரக்கை ஒப்படைத்த நாளே தொடக்கம். “90 நாள்” என்று பில்லில் தவணை குறித்திருந்தால் அது முடிகிற நாள். ஆகவே தவணையில்லாமல் ஆடியில் போன சரக்குக்கு ஆடியிலேயே கெடு ஓடத் தொடங்கிவிடும். அதுவும் பில்லுக்குப் பில் தனிக்கெடு. நம் பேரேட்டில் பாக்கியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவதால் கெடு நீளாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நீளாது. கெடு தாண்டிப் போட்ட வழக்கை, எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும்.

2017ஐ நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், அக்டோபர் 9 அன்று, தில்லி தலைநகர் வட்டாரத்தில் அந்த மாதக் கடைசிவரை பட்டாசு விற்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கடைக்காரரிடம் சரக்கு முடங்கினால் இங்கே பணம் முடங்கும். ஆகஸ்ட் முதல் தேதி தவணையின்றி ஒப்படைத்த சரக்கு என்றால், 2020 ஆகஸ்ட் தொடக்கத்தோடு கெடு முடிந்திருக்க வேண்டும். கொரோனா காலத்துக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கழித்துவிடச் சொன்னது அதே நீதிமன்றம். அப்படியும் 2022 ஜூலையோடு சரி.

கெடுவைப் புதுப்பிக்க வழி இருக்கிறது, அது முடிவதற்குள் செய்தால். கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், 18ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். “பாக்கி இருப்பது உண்மை, ஆனால் நமத்துப்போன பெட்டிகளுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினாலும் போதும். “இப்போது தர முடியாது” என்று சேர்த்து எழுதினாலும் செல்லும். வாய்வார்த்தை செல்லாது. பாதிப் பணம் வந்தாலும் கெடு புதுப்பிக்கப்படும், ஆனால் கொடுத்ததற்கு அவர் கையெழுத்துள்ள எழுத்து வேண்டும். செக் என்றால் அதிலேயே கையெழுத்து இருக்கிறது. பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தால், கூடவே ஒரு கடிதமும் வாங்கிக்கொள்வது நல்லது. கெடு முடிந்த பிறகு மிச்சமிருப்பது ஒரே வழி: ‘தருகிறேன்’ என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லுபடியாகும். கெடு தாண்டிய பிறகு யார் எழுதித் தருவார்?

தீபாவளி முடிந்த கையோடு, “இந்தத் தேதியில் இவ்வளவு பாக்கி” என்று ஒரு தாளில் ஒவ்வொரு டீலரிடமும் கையெழுத்து வாங்குவதற்கு என்ன தயக்கம்? “மனுஷன் தப்பா நினைப்பாரே” என்பார்கள். நோட்டில் வரவு எழுதச் சொன்னால் யாரும் அப்படி நினைப்பதில்லையே.

செக் திரும்பினால் கெடு இன்னும் குறுகியது: வங்கித் தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததும் பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. தவணையை 45 நாளுக்கு மேல் பேசவே கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்துவிடுவது பாதுகாப்பு. அங்கேயும் பழைய பாக்கி என்றால் சமரசம் வரைதான் போகலாம்; நடுவர் விசாரணைக்குக் காலவரையறை உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.