வீரபாண்டியிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்காக வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோருக்கு விடுப்பு நாள்கணக்கில்தான் கிடைக்கும். பயணம் நீளும் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டாரோடு இருக்கும் நேரத்தில் குறைகிறது. ‘மதுரை - துபாய்: சுமார் 2,950 கி.மீ., 4 மணி நேரம்’ என்று இணையத்தில் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். அந்த எண்கள் தவறல்ல. அவை எதை அளக்கின்றன என்பதுதான் கேள்வி.

உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு விமான நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமே இந்தத் தூரம். இவ்வகையில் மதுரையின் அமைவிடம் சுவையானது: மேற்கே துபாயும் கிழக்கே சிங்கப்பூரும் ஏறத்தாழச் சம தொலைவில், சுமார் 3,000 கி.மீ. தள்ளி இருக்கின்றன.

நேரம் அவ்வளவு நிலையானதன்று. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம். மேலேறி இறங்குவதற்கு மேலும் அரை மணி நேரம். இதைக் காற்று கூட்டவோ குறைக்கவோ செய்யும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி.கோடீஸ்வரம். கம்பம் பள்ளத்தாக்கில் தரையோடு வீசும் மேல்காற்றுக்கு அது நேர் எதிர்த்திசை.

கடிகாரமும் குழப்பும். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அதனால் நான்கு மணி நேரப் பயணம் பயணச்சீட்டில் போகும்போது இரண்டரை மணி நேரமாகவும் வரும்போது ஐந்தரை மணி நேரமாகவும் தோன்றும்.

ஆனால், வீரபாண்டிக்காரருக்கு உண்மையான தூரம் தரையில்தான் இருக்கிறது. கொச்சி விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 115 கி.மீ.தான். குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், போடிமெட்டு, மூணாறு வழியாக 200 கி.மீ. அளவுக்கு வளைந்து செல்ல வேண்டும். மதுரை விமான நிலையத்துக்கே இரண்டு மணி நேரம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கிருக்க வேண்டும். பறக்கும் நேரத்தைவிடக் காத்திருப்பும் சாலையும் அதிகம்!

நேரடி விமானங்கள் ஏன் குறைவு? வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இந்தியாவின் எந்தெந்த நகரங்களுக்கு வரலாம் என்பதை இரு நாட்டு வான் போக்குவரத்து ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. அந்தப் பட்டியல்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தென்மாவட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கை. பயணிகள் குறைவு என்பதைக் காரணமாகக் கூறுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மதுரையில் விமானம் கிடைக்காமல் சென்னைக்கும் கொச்சிக்கும் செல்வோர் அந்த நகரங்களின் கணக்கில்தானே சேர்கிறார்கள்? அவர்களில் சென்னைக்குச் செல்பவர், விமானத்தில் ஏறுவதற்கு முன்பே ஓர் இரவு முழுவதையும் பேருந்தில் கழித்திருப்பார்.