பழைய அரிசியின் சுவையும் வயலின் குணமும்

புதிய அரிசியைவிடப் பழைய அரிசிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயமே. ஆயினும், களத்து மேட்டிலேயே நெல்லை விற்றுவிடுவோருக்கு அந்த லாபம் கிட்டுவதில்லை. தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டு, மதுராந்தகம் முதலிய ஏரிப்பாசனப் பகுதிகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நெல் விளைகிறது. அரசாங்கக் கொள்முதல் நிலையங்களிலோ சன்னரகம், பொதுரகம் என்னும் இரு பிரிவுகளுக்கே விலை. எந்த ஏரியின்கீழ் விளைந்தது என்பதற்குத் தனி மதிப்பில்லை. ஆகையால் தம் நெல்லின் குணத்தைத் தாமே சோதித்தறிதல் மிராசுதார்களுக்கு அவசியமாகிறது.

நெல்லைச் சில மாதங்கள் சேமித்து வைத்தால் அரிசியின் மாச்சத்து அளவில் அதிகம் மாறுவதில்லை. ஆனால் கொழுப்புச்சத்து சிதைந்து மாச்சத்தோடு பிணைகிறது, புரதமும் இறுகுகிறது. இதனால் அரிசி அதிக நீரை ஏற்று நீண்டு பருத்து, சோறு உதிரியாக அமைகிறது. கஞ்சி தெளிவாக வடிகிறது. அதே சமயம் வாசனை நெல்லின் மணம் நாளடைவில் குறையும். எனவே பழமை எல்லா ரகங்களுக்கும் நன்மையன்று.

இத்தாலி தேசத்தில் நெப்பியோலோ என்னும் திராட்சையினின்று செய்யப்படும் பரோலோ சிவப்பு மதுவை, 18 மாதம் மரப்பீப்பாயில் வைப்பது உட்பட 38 மாதங்கள் முதிரவிட்ட பின்னரே விற்கலாம். அங்கே தோட்டப் பகுதிகளின் எல்லைகளும் பெயர்களும் 2010ஆம் ஆண்டு முதல் சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளன. கன்னூபி என்னும் ஒரே குன்றுச்சரிவில் பலர் பயிரிடுகின்றனர். அவர்கள் ஒரே ஆண்டில் செய்த மதுக்களைப் பெயர் மறைத்துச் சுவைத்தால், மண்ணின் குணம் எது, செய்வோரின் கைப்பக்குவம் எது என்பது ஒருவாறு புலப்படும்.

இம்முறை அரிசிக்கும் பொருந்தும். ஒரே ரகம், ஒரே பட்டம், ஒரே வகை அரவை கொண்ட அரிசியை வெவ்வேறு வயல்களினின்று எடுத்துக்கொள்க. சம எடை அரிசியைச் சம அளவு நீரில், ஒரே மாதிரிப் பாத்திரங்களில் சமைத்து, பாத்திரங்களுக்கு அடையாள எண் மட்டும் இடுக. உண்போருக்கு வயலின் பெயர் தெரியலாகாது. முதலில் மணமும், பின்பு பருமனும், உதிர்தன்மையும், மென்மையும் நோக்குக. ஆறிய பின்னும் ஒருமுறை உண்டு பார்க்க. புதிய அரிசியையும் பழையதையும் ஒப்பிடுங்கால் வயல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் வேறுபாடு எதனால் என்பது விளங்காது.

சேமிப்பிலும் கணக்கு வேண்டும். நூற்றுக்கு 17 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல், 12 பங்காகக் காயும்போது ஏறக்குறைய 94 கிலோவாகக் குறைகிறது. அந்துப்பூச்சியாலும் வண்டாலும் நேரும் சேதமோ இதற்கு வேறு. எதிர்பார்க்கும் விலை உயர்வு இவ்விரண்டையும் ஈடுசெய்யுமாயின் மட்டுமே காத்திருத்தல் லாபகரமாகும். நன்கு உலர்த்திய நெல்லைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, வயல்வாரியாக மூட்டைகளைப் பிரித்து, அறுவடை மாதத்தை எழுதிவைப்போருக்கே தம் நெல்லுக்குத் தனிப்பெயர் கூறி விற்கும் தகுதி உண்டாகும்.