குளியலறையிலும் தண்ணீர் வரணும்... கொல்லையிலும் ஸ்பிரிங்ளர் சுத்தணும்!

‘வீட்டு மேல்தொட்டியில் இருந்து கொல்லைக்கு பைப் இழுத்து ஸ்பிரிங்ளர் போட்டேன். சுற்றவே மாட்டேன் என்கிறது. சாமான் மோசமா, மாட்டினவர் வேலை மோசமா?’

கோடை பிறந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி ஒரு கடிதம் வராமல் இருக்காது. பெரும்பாலும் இரண்டுமே மோசமில்லை. அழுத்தம் போதவில்லை, அவ்வளவுதான். இதை நான் பணத்தைக் கொட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கொல்லையில் கீரைப்பாத்தி, காய்கறி, கொஞ்சம் மாட்டுப்புல். 24 சிறிய ஸ்பிரிங்ளர்களை வாங்கி மாடித்தொட்டியில் இணைத்தேன். முதல் நான்கு நடுங்கியபடி காலடியிலேயே தண்ணீரைக் கொட்டின. மற்றவை எச்சில் ஒழுகுவதுபோல ஒழுகின. உள்ளே இருந்து, ‘அடுப்படியில் நூல் மாதிரி வருது, என்ன பண்றீங்க?’ என்று சத்தம். பிளம்பர் தொட்டி மேடையை 5 அடி உயர்த்தச் சொன்னார். செங்கல், சிமென்ட், கூலி என்று செலவு செய்து உயர்த்தினோம். ஒரு மாற்றமும் இல்லை.

கணக்கு எளிது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டி தரையில் இருந்து 15 அடி, அதாவது நாலரை மீட்டர். கிடைத்தது 0.45 கிலோ. உயர்த்திய 5 அடியால் கூடியது வெறும் 0.15 கிலோ. ஸ்பிரிங்ளர் கேட்டதோ ஒன்றரை கிலோ! 1,000 லிட்டர் தொட்டிக்குப் பதில் 5,000 லிட்டர் தொட்டி வைத்தாலும் இதே கதைதான். அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்தது அல்ல.

மாடித்தொட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்பிரிங்ளரை மறந்துவிட்டு சொட்டுநீருக்குப் போங்கள். 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரண சொட்டுவான், 0.4 கிலோவில் சுமார் இரண்டரை லிட்டர் விடும். கூடுதல் நேரம் திறந்துவிட்டால் போதும். ‘எல்லா இடத்திலும் ஒரே அளவு விடும்’ என்று விலை கூட்டி விற்கும் அழுத்தம் சமன் செய்யும் சொட்டுவான் இங்கே வேண்டாம். அது ஒழுங்காக வேலை செய்யவே ஓரளவு அழுத்தம் தேவை.

ஸ்பிரிங்ளர்தான் வேண்டுமென்றால் மோட்டார் கட்டாயம். நாங்கள் தரைத்தொட்டியில் அரை ஹெச்.பி. மோட்டார் வைத்தோம். அடுத்த கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை ஓடும்? இதற்கு ஒரு பிரஷர் கேஜும் 15 லிட்டர் வாளியும் போதும். பைப் முனையில் கேஜை மாட்டி, அதற்குப் பிறகு ஒரு வால்வு வையுங்கள். முழுக்கத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைப் பார்த்தேன்: 30 விநாடி, மணிக்கு 1,800 லிட்டர். அதை நம்பி 24-ஐயும் ஓட்டியிருந்தால் மறுபடியும் ஏமாந்திருப்பேன். ஏனென்றால் அப்போது கேஜ் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் கிடந்தது. முள் ஒன்றரை கிலோவுக்கு ஏறும்வரை வால்வை மெல்ல மூடிவிட்டு மறுபடி அளந்தேன். இப்போது 60 விநாடி. அதாவது 900 லிட்டர்தான். ஒரு ஸ்பிரிங்ளருக்கு மணிக்கு 70 லிட்டர் என்றால் 12-க்கு மேல் தாங்காது. ஃபில்டர் அடைப்பு, பைப் தேய்மானம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, எட்டு எட்டாக மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்தேன். ஒரு பிரிவை மூடுவதற்கு முன் அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். எல்லாம் மூடிக்கிடக்க மோட்டார் ஓடினால் உள்ளே தண்ணீர் கொதித்து சீல் போய்விடும்.

பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதே அளவு தண்ணீரை ஒரு அங்குலக் குழாய்க்குப் பதில் அரை அங்குலத்தில் தள்ளினால் உராய்வில் போகும் அழுத்தம் சுமார் 30 மடங்கு. பிரதான குழாய் பெரிதாகவே இருக்கட்டும். அழுத்தம் அதிகமானாலும் தொல்லைதான். தண்ணீர் துளியாக விழாமல் புகையாகப் பறந்தால், இன்னும் இரண்டு ஸ்பிரிங்ளரைச் சேருங்கள். இல்லாவிட்டால் மிச்ச நீரைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு பைபாஸ் குழாய் போடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பஞ்சாயத்துக் குடிநீர் குழாயில் மோட்டாரை நேரடியாக மாட்டவே கூடாது. அது இழுக்கும் வேகத்தில் குழாயின் ஓட்டை வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும், பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் போகாது. அதேபோல, உரம் கலக்கும் வென்சுரியை வீட்டுக்குப் போகும் லைனில் வைக்காதீர்கள். மோட்டார் நின்றதும் குழாயில் தண்ணீர் பின்னோக்கி இழுக்கும். உரநீர் குழந்தைகள் குடிக்கும் குழாய்க்கு வந்துவிடும். ஒருவழி வால்வு இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. ஒரு மணல் துகள் சிக்கினால் அது மூடாது. உரத்துக்குத் தனித் தொட்டி, தனி லைன்தான் சரி.

இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பிரிவைத் திறக்கிறேன். காற்று இல்லாத நேரம், அடுப்படியிலும் வேலை தொடங்கியிருக்காது. உங்கள் வீட்டுக் கணக்கில் சந்தேகம் இருந்தால், தொட்டியின் உயரம், வாளி நிரம்பிய விநாடி, ஸ்பிரிங்ளர் அட்டையில் போட்டிருக்கும் அழுத்தம், இந்த மூன்றையும் குறித்து கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.