எல்லாருக்கும் நூறு வெள்ளி

எங்கள் வீட்டில் முதலில் விழிப்பது மின்னல் எஃப்.எம். அதற்குப் பிறகு என் மாமியார். முகம் கழுவி, கறுப்புக் கோப்பியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் செய்தி முடியும்வரை யாரும் பேசக்கூடாது. அது முடிந்ததும் நான் பத்திரிகை படித்துக் காட்ட வேண்டும். அத்தை தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதற்குள் கோப்பி ஆறிவிடும். தலைப்பை மட்டும் படித்து அடுத்த பக்கம் போனால், "உள்ள என்ன போட்டிருக்கான், அதப் படி" என்பார்.

பாகான் டத்தோவில் பகல் பொழுது நீளமானது. தென்னையும் செம்பனையும், அப்பால் பேராக் ஆறு கடலில் கலக்கிற இடமும்தான் எங்கள் ஊர். 2017-இல் தனி மாவட்டமானோம். பெயர்ப்பலகைகள் 'டத்தோ'வை 'டத்தோக்' ஆக்கிவிட்டன. எங்கள் வாய் இன்னும் மாறவில்லை.

2025 ஜூலை 23-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் அந்த அறிவிப்பைச் செய்தார். 18 வயது நிரம்பிய எல்லா மலேசியர்களுக்கும் 100 வெள்ளி. ஆகஸ்ட் 31 முதல் மைகாட்டைக் காட்டி அரிசி, எண்ணெய் மாதிரி அத்தியாவசியப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் அதைப் படித்தேன்.

"எல்லாருக்குமா?" என்றார் அத்தை.

"எல்லாருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தைக்கு 77 வயது. இதே வட்டாரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வைத்திருப்பது சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, குடிமகள் அல்ல.

அவர் பிறந்தது 1948. தோட்டத்து மருத்துவச்சி பிரசவம் பார்த்தார், சூரா எடுக்க யாரும் போகவில்லை. அவருடைய தம்பி 1958-இல் பிறந்தார். அதே லயம், அதே மருத்துவச்சி. தம்பிக்கு நீல ஐசி. சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் மனுப் போட்டுப் பதிய வேண்டியிருந்தது. கொப்பரைக் கொட்டகையில் வேலை செய்த குடும்பத்துக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. கிராணி சொன்னால்தான் உண்டு.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டுமென்று வந்தபோது, சுமார் 60,000 தமிழர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் என்கிறார்கள். அத்தையின் பெரியப்பா குடும்பமும் பினாங்கில் ராஜுலா கப்பல் ஏறியது. அத்தைக்கு அப்போது கல்யாணமாகி என் வீட்டுக்காரர் வயிற்றில். "நான் பாக்காத ஊருக்கு நான் எதுக்குப் போவணும்?" என்று இருந்துவிட்டார். கல்யாணமும் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு கிடையாது. கணவர் வழியாகக் குடியுரிமை கேட்கவும் கையில் தாள் இல்லை.

அத்தைக்கு அரசியல் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. யார் எந்தக் கட்சியில் இருந்தார், எப்போது தாவினார், எல்லாம் விரல்நுனியில். 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல். 18 வயதுக்காரர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட பொதுத் தேர்தல் அது. என் மகனுக்கு 19. நாங்கள் மூவரும் மையிட்ட விரலோடு திரும்பியபோது அத்தை சோறு வடித்து, நெத்திலி சம்பல் செய்து வைத்திருந்தார். பேரனின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் தொகுதியில் டத்தோஸ்ரீ அமாட் ஸாஹிட் 348 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லாமல் நாடே காத்திருந்த அந்த ஐந்து நாளும் அத்தை வானொலியை விட்டு நகரவில்லை. 24-ஆம் தேதி அன்வார் பதவியேற்றார். டிசம்பர் 3-இல் எங்கள் தொகுதிக்காரர் துணைப் பிரதமர். அத்தையின் மனதில் நின்றதென்னவோ அந்த 348தான்.

"நம்ம பழைய லயத்து ஆளுங்களே அவ்வளவு தேறும். ஒரு பஸ்சு, ரெண்டு பஸ்சு ஜனம். அதுல நான் ஒன்னு போட்டிருந்தா?"

"யாருக்குப் போட்டிருப்பீங்க?" என்றான் மகன்.

"ஓட்டு ரகசியம்டா" என்றார். ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவர்.

மனுப் போடாமல் இல்லை. 2018 ஜூலையில், 60 வயதைக் கடந்த சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கிடைக்கும் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். எண்ணை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார் அத்தை. உடனே கிளம்பினோம். ஒரு கவுண்டரில், ஐசியில் ஒரு எழுத்தும் பழைய தோட்டத்துப் பதிவில் வேறொரு எழுத்தும் இருக்கிறது என்றார்கள். இன்னொரு நாள், பிறந்ததை அறிந்த சாட்சி வேண்டும் என்றார்கள். 70 வயதுக்காரி பிறந்ததைப் பார்த்தவர் யார் உயிரோடு இருக்கிறார்? கடைசியில் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை நான்கு முறை வாங்கி வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, தேசிய தினம். மகன் மூவரின் கார்டையும் எடுத்துக்கொண்டு போய், செப்டம்பர் முதல் வாரம்வரை மூன்று நடையாகச் சாமான் வாங்கினான். கடைசி நாள் ஐந்து கிலோ எண்ணெய்யும் ஒரு மூட்டை அரிசியும் அத்தை காலடியில் வைத்து, "இது பாட்டியோட நூறு வெள்ளி" என்றான். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். அத்தை எண்ணெய்யைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, ரப்பர் சுற்றிய பிளாஸ்டிக் பையில் சிவப்பு ஐசி.

"என் கார்டு இங்கதான இருக்கு. நீ எதக் காட்டி வாங்கின?"

மகன் என்னைப் பார்த்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது. "பிச்சையாடா இது, பொய் சொல்லிக் குடுக்க? எனக்கு இல்லன்னா இல்லன்னு படிச்சுக் காட்டச் சொல்லு உங்கம்மாவ."

இரண்டு நாள் பத்திரிகை படிக்கக் கூப்பிடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான காலை இருந்ததில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் நானாகப் போய் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடாமல் படித்தேன்.

தீபாவளி முறுக்கு அந்த எண்ணெய்யில்தான் பொரிந்தது. நவம்பர் கடைசியில் சபா மாநிலத் தேர்தல் வந்தது. முடிவுகள் வந்த பத்திரிகையை விரித்து, யார் ஆட்சி அமைக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன்.

"அது வானொலியில கேட்டாச்சு" என்றார் அத்தை. "எத்தன ஓட்டு வித்தியாசம், ஒவ்வொரு தொகுதியா, அதப் படி."