வீட்டுப் பூனையும் டோக்சோபிளாஸ்மோசிஸ் தொற்றும்

மகளோ மருமகளோ கர்ப்பமானதும், "பூனையை எங்காவது விட்டுவிடுங்கள்" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. பல ஆண்டுகள் துணையாக இருந்த பூனையைப் பிரிய மனமின்றிப் பெரியவர்கள் தவிக்கிறார்கள். பூனையை விரட்டத் தேவையில்லை. தொற்று எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். பூனையையும் குடும்பத்தையும் சேர்த்தே பாதுகாக்கலாம்.

இது என்ன நோய்?

டோக்சோபிளாஸ்மா கொண்டி என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் இத்தொற்று உண்டாகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இராது. சிலருக்குக் காய்ச்சல், உடல் வலி, கழுத்தில் நெறிக்கட்டு தோன்றி மறையும். கோலாலம்பூரில் 200 கர்ப்பிணிகளைச் சோதித்து 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரின் இரத்தத்தில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆக, நம் ஊரில் இது அரிய தொற்று அல்ல.

எந்தப் பூனைக்கு ஆபத்து அதிகம்?

எலி, பறவைகளைப் பிடித்துத் தின்பதாலும் பச்சை இறைச்சி உண்பதாலும் பூனைக்குத் தொற்று ஏற்படுகிறது. அடுக்குமாடியின் கீழும் சாக்கடை ஓரங்களிலும் சுற்றித் திரியும் பூனைகளுக்கு ஆபத்து அதிகம். வீட்டுக்குள்ளேயே இருந்து, பூனை பிஸ்கட்டோ வேகவைத்த மீனோ உண்ணும் பூனைக்கு ஆபத்து மிகக் குறைவு.

முதல் முறை தொற்று கண்ட பூனை, பொதுவாக 1 முதல் 3 வாரங்கள் வரை மலத்தில் கிருமியின் நுண்ணிய முட்டைகளை வெளியேற்றும். அப்போதும் அது நலமாகவே காணப்படலாம். அந்த முட்டைகள் மனிதருக்குத் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகும். எனவே மணல் தட்டை அன்றாடம் சுத்தம் செய்வதே சிறந்த பாதுகாப்பு.

மனிதருக்கு எப்படி வருகிறது?

பூனையைத் தடவுவதால் தொற்றுவது அரிது. பூனையின் மலம் கலந்த மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பது, கழுவாத கீரை, காய்கறிகளை உண்பது, சரியாக வேகாத இறைச்சியை உண்பது ஆகியவையே முக்கிய வழிகள். இரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிக்கு ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் அரைவேக்காட்டில் கொடுக்காதீர்கள். நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

யார் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால், அது கருவுக்கும் பரவலாம். கருச்சிதைவு ஏற்படலாம்; குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், எச்.ஐ.வி. உள்ளோர் ஆகியோருக்கும் இத்தொற்று கடுமையாகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.
• கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். வேறு ஆள் இல்லையெனில், கையுறை அணிந்து செய்து, பின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.
• காலித் தட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான்கள் இம்முட்டைகளை அழிப்பதில்லை.
• கறிவேப்பிலை, துளசித் தொட்டிகளில் மண் கிளறும்போதும் கையுறை அணியுங்கள். பூனைகள் அங்கே மலம் கழித்திருக்கலாம்.
• பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள்.
• பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பார்வை மங்குதல், கண் வலி, நீங்காத நெறிக்கட்டு ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கடும் தலைவலி, குழப்பம், வலிப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். கர்ப்பிணிக்குச் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். சிகிச்சைக்கு மருந்துகள் உள்ளன.

மருமகள் மணல் தட்டைத் தொடாமல், அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டாலே போதும். பேரக்குழந்தையும் பூனையும் ஒரே வீட்டில் நலமாக இருக்கலாம்.