அப்பா பெயரில் வீடு, உங்க சம்பளத்தில் மாடி: நாளைக்கு யாருக்கு எவ்வளவு?



வேலைக்குப் போய் நாலஞ்சு வருஷம் ஆனதும் நம்மில் பலர் செய்யுற பெரிய செலவு, அப்பா வீட்டுக்கு மேல மாடி கட்டுறது. லோன் நம்ம பெயர்ல, பத்திரம் அப்பா பெயர்ல. இதுல தப்பு எதுவும் இல்லை. ஆனா ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்துடுங்க.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, இன்றைய மதிப்பு 60 லட்சம்னு வச்சுக்குவோம். மாடிக்கு நீங்க போட்டது 14 லட்சம். உங்களுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. அப்பா உயில் எழுதாம இறந்துட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்க, தம்பி, தங்கச்சி நாலு பேருக்கும் சம பங்கு, ஆளுக்கு 15 லட்சம். (அப்பாவோட அம்மா உயிரோடு இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு.)

நீங்க போட்ட 14 லட்சம்? அதை முதல்ல கழிச்சுட்டு மீதியைப் பிரிக்கணும்னு சட்டம் தானா சொல்லாது.

"30 பவுன் போட்டாச்சே?"

தங்கச்சிகிட்ட இப்படிச் சொல்றதும் செல்லாது. கல்யாணச் சீர் வேற, சொத்துரிமை வேற. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை இருக்கு. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

பல வீடுகளில் சண்டை ஆரம்பிக்கிறது வாரிசு சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். "விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடு"ன்னு ஒருத்தர் கேட்பார். அப்போ ஒவ்வொருத்தர் மனசுலயும் இருக்கிற கணக்கு நோட்டு வெளியே வரும். உங்க நோட்டுல 14 லட்சம். தங்கச்சி நோட்டுல ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்துல முழிச்சிருந்த ராத்திரிகள். தம்பி நோட்டுல, வெளியூர் வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்த வருஷங்கள். மூணுமே உண்மை. இதை நேர் செய்ய அப்பா ஒருத்தராலதான் முடியும், அதுவும் உயிரோடு இருக்கும்போது.

என்ன செய்யலாம்?

உயில்: தன் சம்பாத்தியச் சொத்தை அப்பா யாருக்கு எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அவர் கையெழுத்தும் 2 சாட்சிகள் கையெழுத்தும் கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனா செய்றது நல்லது. வழக்கு வந்தா சாட்சி ஒருத்தராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால அப்பாவை விட வயசு குறைஞ்ச, சொத்தில் பங்கு வாங்காத ஆளா பாருங்க.

செட்டில்மென்ட் பத்திரம்: உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் அமலாகும், எப்போ வேணும்னாலும் மாத்தலாம். செட்டில்மென்ட்டில் பதிவானதும் உரிமை கை மாறிடும். அப்பாவை அவசரப்படுத்தாதீங்க.

நாமினி: ஷேர், மியூச்சுவல் ஃபண்டில் நாமினியா இருந்தா பணம் உங்களுக்கே சொந்தம்னு அர்த்தம் இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிடுச்சு.

இனி போடும் பணம்: கையில் கொடுக்காம வங்கி வழியா அனுப்புங்க. பில்களைச் சேர்த்து வைங்க. அது கடனா, பரிசா, பங்கா என்பதைச் செங்கல் இறங்குறதுக்கு முன்னாடியே எல்லாரும் பேசி எழுதிக்குங்க.

எப்படிப் பேச்சை எடுக்கிறது?

"உயில் எழுதுங்கப்பா"ன்னு நேரா கேட்டா மனசு நோகும். உங்களோடதுல இருந்து ஆரம்பிங்க: "அப்பா, எனக்கு ஏதாவது ஆனா பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் யாருக்குன்னு எழுதி வச்சுட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்." பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, தம்பி தங்கச்சி முன்னாடியே பேசுங்க. தனியா பேசினா, நல்ல எண்ணத்தோட பேசினாலும் பின்னாடி சந்தேகம் வரும்.

இங்கே சொன்ன பங்குக் கணக்கு இந்து குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விதிகள் வேற. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க.

உங்க வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்கா? கமெண்ட்டில் சொல்லுங்க.